எத்தனை தப்பு விடலாம்?

மனுவில் எத்தனை தப்பு விடலாம் என்ற கேள்வியில் வகுப்பு இரண்டாக உடைந்தது.

வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர நகரசபை நடத்திவந்த மாலை வகுப்பு அது. அதற்கு ஒதுக்கும் நிதியை இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று நிதிக்குழு எழுதிக் கொடுத்துவிட்டது. மறுநாள் காலை சபை கூடுகிறது. மாணவர்கள் தரப்பில் ஒரு மனு கொடுக்கலாம். ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம். பிறகு உறுப்பினர்கள் கையைத் தூக்குவார்கள். தூக்கிய கை இறங்கும்போது வகுப்பு இருக்கும், அல்லது இருக்காது.

"தப்பே இல்லாம எழுதினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் கொத்தனார். "'அதான் நல்லா எழுதக் கத்துக்கிட்டாங்களே, இன்னும் எதுக்கு வகுப்பு?'ன்னு மூடிடுவாங்க."

"தப்போட எழுதினா மட்டும்?" என்றார் சலூன்காரர். "'இத்தனை நாள் நடத்தியும் லட்சணம் இதானா?'ன்னு மூடிடுவாங்க."

இரண்டு பேரும் சொன்னது சரியாக இருந்ததுதான் சங்கடம்.

"அப்ப நடுவுல நிப்போம்," என்றார் கொத்தனார். "ஒரு நாலு தப்பு. அந்த வேலையை எங்கிட்ட விடுங்க. எனக்கு அது இயற்கையா வரும்."

டீச்சருக்குக் கோபம் வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் மகள் வயதுதான் அவளுக்கு. கோபம் வந்தால் மட்டும் மாமியார் வயதாகிவிடும். "யாரும் வேணும்னு தப்பு விடக்கூடாது. தானா வர்றது வரட்டும். மனுவை மைக் அக்கா கையாலயே எழுதட்டும். அவங்களே சபையில படிக்கட்டும். ஒப்பிக்கக் கூடாது, படிக்கணும்."

மைக் அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள். மைக் என்பது அவள் தொண்டைக்குக் கிடைத்த பட்டம். மூன்றாவது மாடியிலிருந்து அவள் யாரையாவது கூப்பிட்டால் கீழே வாசலில் நிற்கும் காவலாளி தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று விறைப்பாக நிற்பார். ஆகவே பேசுவதற்கு அவளை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏகமனதாக என்றால், அவள் 'முடியாது' என்று போட்ட சத்தத்தையும் மீறி மற்றவர்கள் 'சரி' என்று சத்தம் போட்டார்கள் என்று அர்த்தம். அதுவே ஒரு சாதனைதான்.

முடியாது என்று அவள் சொன்னது பிகு அல்ல. வகுப்பு அவளுக்கு எவ்வளவு தேவையோ, சபையில் பேச அவ்வளவு பயமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் ஆசிட் சிவப்பு கேனில் வரும், ப்ளீச் நீல கேனில் வரும். நிறத்தைப் பார்த்தே பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த கம்பெனி சிக்கனம் பார்த்து இரண்டையும் வெள்ளை கேனில் அனுப்ப ஆரம்பித்தது. வித்தியாசம் லேபிளில் மட்டும். இரண்டும் கலந்தால் விஷவாயு. மேற்பார்வையாளர் எல்லோரையும் நிற்க வைத்து, "வருஷக் கடைசிக்குள்ள லேபிள் படிக்கத் தெரியாதவங்களை வேலையில வச்சுக்க முடியாது. என்னைத் திட்டாதீங்க. நீங்க செத்துப்போனா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மைக் அக்கா தன்னோடு வேலை செய்யும் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். இப்போது தனி எழுத்துகள் வருகின்றன. புள்ளி வைத்த எழுத்தும் வைக்காத எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் நாக்கு தடுக்கி விழுகிறது. வகுப்பு இப்போது நின்றால், ஆற்றின் நடுவில் ஓடத்திலிருந்து இறக்கிவிட்ட மாதிரி.

மனுவை எழுத உட்கார்ந்தாள். எழுதுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் புள்ளியே இல்லாமல் எழுத்துகளை எல்லாம் வரிசையாக எழுதி முடிப்பாள். பிறகு பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, குழம்பில் உப்பைத் தூவுகிற மாதிரி, அங்கங்கே புள்ளிகளை வைத்துக்கொண்டே போவாள். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். "உப்பைக் கடைசியிலதான் போடணும் டீச்சரம்மா. அப்பத்தான் அளவு தெரியும்."

எழுதி முடித்து, டீச்சர் பார்த்து, எல்லாம் சரி என்றான பிறகுதான் சலூன்காரர் ஆரம்பித்தார். "தலைப்பு எங்க? தலையே இல்லாத ஆளை எங்கிட்ட அனுப்பினா நான் எதை வெட்டுறது?"

நியாயம்தானே. டீச்சர் வகுப்பைப் பூட்டச் சாவி தேடிக்கொண்டிருந்தபோது மைக் அக்கா மேலே தடித்த பேனாவால், கொட்டை எழுத்தில், ஒரு தலைப்பை எழுதினாள். எழுத்துகளை எழுதி முடித்து உப்புத் தூவ ஆரம்பித்தபோது வாசலிலிருந்து நாத்தனார் கத்தினாள்: "அண்ணி! பஸ்ஸு!"

மனுவை டீச்சர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஏற்கனவே பார்த்ததுதானே என்று டீச்சரும் அதை அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை புறப்படும்போது வீட்டுக்காரர் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அது அவர் வழக்கமாகச் செய்கிற வேலை அல்ல. "நல்லாப் பேசு," என்றார். "ஆனா எங்கிட்ட பேசுற மாதிரி பேசிடாத. பாவம், அவங்க பழக்கமில்லாதவங்க."

நகரசபை வாசலில் முதல் தடங்கல் காத்திருந்தது. உள்ளே போகிறவர்கள் ஒரு சின்ன மிஷினில் கட்டைவிரலை வைக்க வேண்டும். டை கட்டியவர்கள், கோப்பு சுமந்தவர்கள், சபை உறுப்பினர்கள், எல்லோரும் வரிசையாக வந்து கட்டைவிரலை வைத்துவிட்டுப் போனார்கள்.

"என்னடா இது," என்று கொத்தனார் சலூன்காரரின் காதைக் கடித்தார். "நாம கைநாட்டுலேர்ந்து தப்பிக்க ராப்பகலா எழுத்துக் கூட்டிக்கிட்டிருக்கோம். படிச்சவங்க எல்லாம் கைநாட்டுக்கு மாறிட்டாங்களே!"

அவர் முறை வந்தது. விரலை வைத்தார். மிஷின் சிவப்பாக விழித்தது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு. காலமெல்லாம் சிமெண்டில் கிடந்த விரலில் ரேகை என்று ஒன்று எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அடுத்து மைக் அக்கா. ப்ளீச் தின்ற விரல். அவளுக்கும் சிவப்பு.

"ரேகை விழலைன்னா கையெழுத்து போடணும்," என்று காவலாளி ஒரு தாளை நீட்டினார். "போடத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கொத்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நாக்கின் நுனியை உதட்டோரம் வெளியே விட்டு, சுவருக்கு நூல் பிடிக்கிற கவனத்தோடு ஒவ்வொரு எழுத்தாக அடுக்கினார். பின்னால் வரிசை நீண்டது. "மாமா, பேரை எழுதுறீங்களா, வீடு கட்டுறீங்களா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். அவர் அவசரப்படவில்லை. பூசி முடித்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்து, திருப்தியான பிறகே பேனாவைக் கொடுத்தார்.

அந்தத் திருப்திக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. படியேறி மண்டபத்துக்குள் நுழைந்தபோது டீச்சர் வெளுத்த முகத்தோடு ஓடிவந்தாள்.

"நம்ம விஷயத்தை முன்னாடியே எடுத்துட்டாங்க. ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. ஓடுங்கக்கா, ஓடுங்க!"

மைக் அக்கா ஓடினாள். வழுவழுப்பான தரை; அதைத் துடைத்தவர் யாரோ நன்றாகத் துடைத்திருக்கிறார் என்று ஓடும்போதே நினைத்துக்கொண்டாள். குதிரை லாடம் மாதிரி வளைந்த மேசை. அதன் பின்னால் உறுப்பினர்கள். நடுவில் சபைத் தலைவர்; நிதிக்குழுவுக்கும் அவர்தான் தலைவர். வகுப்பில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர், எதைக் கொடுத்தாலும் வெட்டுவார் என்பதால். சலூன்காரருக்கு மட்டும் அந்தப் பெயரில் வருத்தம் உண்டு. 'என் கத்தரி வெட்டினா மனுஷன் அழகாவான். தொழிலைக் கேவலப்படுத்தாதீங்க' என்பார்.

பேசுகிறவர் நிற்க ஓர் உயர்ந்த சின்ன மேசை இருந்தது. அதன்மேல் ஒல்லியாக ஒரு மைக். பக்கத்தில் ஒரு மணி. மூன்று நிமிடம் முடிந்தால் அடிப்பார்களாம். மைக் அக்கா மைக்கைப் பார்த்தாள். மைக் மைக் அக்காவைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து கட்டாத தொண்டை அந்த நிமிடம் பார்த்துக் கட்டிக்கொண்டது.

சபை உதவியாளர் மனுவின் நகல்களை உறுப்பினர்களுக்கு விநியோகித்துக்கொண்டிருந்தார். மூலத்தை அவள் முன்னால் வைத்தார்.

"ஆரம்பிங்கம்மா," என்றார் தலைவர்.

"வண... வணக்கம்." அது அவள் குரலே இல்லை. வேறு யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. விரலை முதல் வரியில் வைத்தாள். "முதி... யோர்... கல்வி... நிதி..."

வளைந்த மேசையின் இடது கோடியிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தடித்த உறுப்பினர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் தாளை அவருக்குச் சுட்டிக் காட்டினார். இவர் தோள் குலுங்கியது. அவர் தோளும் குலுங்கியது.

விரல் தடுமாறி வரி தவறியது. மறுபடி தேடிப் பிடித்தாள். "நாங்கள்... பகலெல்லாம் வேலை... செய்கிறவர்கள். மாலையில்தான்... எங்களுக்கு நேரம்..."

இப்போது சிரிப்பு நடுவரைக்கும் வந்துவிட்டது. ஒரு பெண் உறுப்பினர் விட்டத்தைப் பார்த்தாள். இன்னொருவர் இல்லாத இருமலை இருமினார். தாளைக் கையில் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஏதோ ஆகிக்கொண்டிருந்தது.

நான் படிக்கிற அழகைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மைக் அக்கா நினைத்தாள். காது சூடாகியது. பார்வையாளர் பக்கம் திரும்பினாள். நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். கொத்தனாரும் சலூன்காரரும் யாரை அடிப்பது என்று தெரியாதவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் வாய் சத்தமில்லாமல் ஏதோ சொன்னது. புரியவில்லை. விரலால் காற்றில் ஒரு குத்துக் குத்திக் காட்டினாள். அதுவும் புரியவில்லை. 'குத்து' என்கிறாளா? யாரை?

மணிக்குப் பக்கத்தில் கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே திரும்பி நடந்து, அந்த வழுவழுப்பான தரையில் சறுக்கியாவது வெளியே போய்விடலாம் என்று கால் சொன்னது. போனால் வகுப்பு போச்சு. வகுப்பு போனால் வருஷக் கடைசியில் வெள்ளை கேன் முன்னால் மேற்பார்வையாளர் நிற்பார்.

"அம்மா," என்றார் தலைவர். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு நிறைய உழைத்துக்கொண்டிருந்தார். "அந்தத் தலைப்பை ஒரு தடவை... எழுத்தெழுத்தா பாருங்க."

எழுத்தெழுத்தாகப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியாது. ஆனால் தன் எழுத்து என்பதால் இதுவரை பார்க்காமலே படித்துவிட்டாள். இப்போது விரலை வைத்து நகர்த்தினாள். மு. தி. யோ. ர், புள்ளி இருக்கிறது. க. ல...

ல மேல் ஒன்றுமில்லை. வழித்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பஸ் வந்ததில் உப்புப் போட விட்டுப்போயிருக்கிறது.

"அட!" என்றாள். "புள்ளி போச்சு!"

அவள் தொண்டை அந்த இடத்தில்தான் திறந்துகொண்டது. மைக் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

"ஒரு புள்ளி விட்டுப்போச்சு, அவ்வளவுதானே? அதுக்கா இவ்வளவு சிரிப்பு? புள்ளி இல்லேன்னா வேற வார்த்தை ஆயிடுதா? க... ல... வி. கலவி. அப்படி ஒரு வார்த்தை இருக்கா?"

மண்டபத்தில் சிரிப்பு சட்டென்று நின்றது.

"இருக்குதுன்னா என்ன அர்த்தம்னு சொல்லுங்க. சொல்லிட்டுச் சிரிங்க, நாங்களும் சேர்ந்து சிரிக்கிறோம்."

அத்தனை படித்தவர்களும் ஒரே நேரத்தில் மின்விசிறியின் மீது ஆர்வம் கொண்டார்கள். கைக்குட்டைக்காரர் கைக்குட்டையை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"எங்க வகுப்புல கொத்தனார் இருக்காரு. அவருக்குக் கலவை தெரியும், சிமெண்டுக் கலவை. இது அதோட தங்கச்சியா?" அவள் நிஜமாகவே கேட்டாள். "எங்களுக்குத் தெரியாதுங்க. கத்துக்கத்தானே இந்த வயசுல வந்திருக்கோம். வெட்கப்படாம சொல்லிக் கொடுங்க."

பெண் உறுப்பினர் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள். தலைவரின் காது மடல் சிவந்தது. "அதை... உங்க டீச்சர் சொல்லுவாங்க," என்றார் அவசரமாக. "இப்ப புள்ளியை வச்சிடுங்க."

மைக் அக்கா பேனாவைக் கேட்டு வாங்கி, தன் தாளில் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள். அத்துடன் நிற்கவில்லை. வளைந்த மேசையை ஒட்டி நடந்து போய், ஒவ்வொரு உறுப்பினரின் நகலிலும் குனிந்து ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். யாரும் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது என்று எந்த விதியிலும் இல்லை போலும். மேசை அழுக்காக இருந்த ஓர் இடத்தில் பழக்க தோஷத்தில் முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

அவள் திரும்பி வந்து நின்றபோதுதான் தலைவர் கத்தரியைத் திறந்தார்.

"சரிம்மா. ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தப்பில்லாம எழுதியிருந்தா, வகுப்போட வேலை முடிஞ்சதுன்னு நான் சொல்லியிருப்பேன். தப்போட எழுதியிருக்கீங்க. அப்ப வகுப்பு உபயோகமில்லேன்னு சொல்லலாம் இல்லையா? ரெண்டுல எதுக்கு நாங்க பொதுப்பணத்தைக் கொடுக்கணும்?"

பார்வையாளர் பக்கத்தில் கொத்தனார் சலூன்காரரை முழங்கையால் இடித்தார். 'நான் சொன்னேன்ல?' என்று அர்த்தம். சலூன்காரர் திருப்பி இடித்தார். 'நானும்தானே சொன்னேன்?'

இதற்கு மனுவில் பதில் இல்லை. நேற்று வகுப்பிலும் பதில் கிடைக்கவில்லை. மைக் அக்கா மனுவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவ. கால் ஒடிஞ்சவங்க வருவாங்க. கட்டுப் போட்டு, கொஞ்ச நாள் கழிச்சு நடக்க விடுவாங்க. முதல்ல நொண்டுவாங்க. 'நொண்டுறானே, ஆஸ்பத்திரி உபயோகமில்லே'ன்னு யாரும் மூடுறதில்ல. அப்புறம் நல்லா நடந்து வீட்டுக்குப் போவாங்க. 'நடந்துட்டானே, இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு'ன்னும் மூடுறதில்ல. ஏன்னா வாசல்ல இன்னொருத்தன் காலை ஒடிச்சுக்கிட்டு வந்து நிப்பான். நாங்க இப்ப நொண்டிக்கிட்டிருக்கோம்ங்க. கட்டைப் பிரிச்சிடாதீங்க."

கடிகார முள் மணியை நெருங்கியது. உதவியாளர் கையைத் தூக்கினார். தலைவர் கண்ணாலேயே அவரைத் தடுத்தார்.

"போன வாரம்," என்றாள் மைக் அக்கா. குரல் இறங்கியது, இறங்கினாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது. "கழிவறை கழுவ என் நாத்தனார் வாளியில ஏற்கனவே ஒண்ணு ஊத்தி வச்சிருந்தா. நான் அடுத்த கேனை மூடியைத் திறந்து சாய்க்கிறேன். லேபிள் என் மூக்குக்கு நேரா இருக்கு. முன்னாடியா இருந்தா அது எனக்கு வெறும் கறுப்பு. அன்னிக்கு என்னையறியாம வாய் எழுத்துக் கூட்டுது. 'க, ல, க்...' அதுக்குமேல தெரியல. நிமித்தி வச்சிட்டு ஒவ்வொண்ணா பாக்குறேன். 'கலக்கக் கூடாது.' அவ வாளிக்கு முன்னால குனிஞ்சு உக்காந்திருக்கா. கதவைச் சாத்தியிருக்கோம். சாய்ச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்க மேற்பார்வையாளர் சொன்னாரு. அதை நான் இங்க சொல்லல, அவ அங்க உக்காந்திருக்கா."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு அந்தக் கதை முழுதாகத் தெரியாது. அண்ணி அன்று ஏன் வாளியைத் தட்டிவிட்டுத் திட்டினாள் என்று இன்றுவரை மனத்தாங்கல்.

"அதுல மூணு எழுத்துக்குப் புள்ளி வரணும்... இல்ல, ரெண்டா?" மைக் அக்கா விரலை மடக்கி எண்ணப் பார்த்து விட்டுவிட்டாள். "அது கூட எனக்கு இன்னும் சரியாத் தெரியலங்க. அதான் கேக்குறேன்."

மணி அடித்தது.

வாக்கெடுப்புக்கு வந்தார்கள். வகுப்பைத் தொடர வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். பெண் உறுப்பினர் கை முதலில் எழுந்தது. பின்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. கைக்குட்டைக்காரர் ஒரு கையில் கைக்குட்டையோடு மறு கையைத் தூக்கினார். வேண்டாம் என்பவர்களும் தூக்கினார்கள். உதவியாளர் இரண்டு தடவை எண்ணினார். எண்ணிவிட்டுத் தலைவரின் காதில் சொன்னார். இரண்டு பக்கமும் சமம்.

தலைவர் ஓட்டுதான் பாக்கி.

கத்தரிக்கோல் தன் முன்னாலிருந்த நகலைப் பார்த்தார். அவர் தாளில் மைக் அக்கா வைத்த புள்ளி கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தது. புள்ளி என்பதைவிடச் சின்ன வடை என்று சொல்லலாம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் அக்கா உயர்ந்த மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் உட்கார்ந்துவிடுவாள், உட்கார அங்கே நாற்காலி இல்லை.

"நிதி தொடரும்," என்றார் கடைசியில். கொத்தனார் எழுந்துவிட்டார். "உக்காருங்க, முடிக்கல. வாரத்துல எல்லா நாளும் முடியாது. பாதி நாள். அடுத்த வருஷம் இதே நேரத்துக்கு வந்து, என்ன கத்துக்கிட்டீங்கன்னு காட்டணும்."

"பாதி நாள்ல பாதி எழுத்துதாங்க வரும்," என்றாள் மைக் அக்கா.

"அதை அடுத்த வருஷ மனுவுல எழுதுங்க," என்றார் அவர். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பா, பல்வலியா என்பதில் வகுப்புக்குள் இன்றுவரை இரண்டு கட்சி.

படியிறங்கும்போது சலூன்காரர் தீர்ப்புச் சொன்னார். "வெட்டத்தான் வெட்டினாரு. ஆனா ஓரத்துல மட்டும். தலை தப்பிச்சது."

நாத்தனார் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். "வாளியை எதுக்குத் தட்டிவிட்டீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? ஒரு வாரமா உங்க தட்டுல மட்டும் குழம்பைக் குறைச்சு ஊத்திக்கிட்டிருந்தேன்."

"தெரியும்டி. நான் எழுந்து நானே ஊத்திக்கிட்டிருந்தேன்."

அன்று மாலை வகுப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். முதல் வேலை, வகுப்பில்லாத பாதி நாட்களில் என்ன செய்வது என்பது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் கேன்களை வரிசையாக வைத்து லேபிள் படிக்கலாம், மூடியைத் திறக்காமல், என்று நாத்தனார் சொன்னாள். தன் கடைக்கு வந்தால் காத்திருக்கிற நேரத்தில் பழைய பத்திரிகைகள் படிக்கலாம் என்றார் சலூன்காரர். முடிவெட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம், வெட்டிக்கொண்டால் நல்லதாம்.

இரண்டாவது வேலையை மைக் அக்கா ஞாபகப்படுத்தினாள். "டீச்சரம்மா. அந்த வார்த்தைக்கு நீங்க அர்த்தம் சொல்லுவீங்கன்னு தலைவரு சொல்லியிருக்காரு."

டீச்சர் சாக்பீஸைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது. "அலமாரியில அகராதி இருக்கு," என்றாள் கடைசியில். "எப்படித் தேடணும்னு இன்னைக்குச் சொல்லித்தர்றேன். நீங்களே தேடிக்குங்க." சொல்லிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே போனாள். வெகு நேரம் குடித்தாள்.

அந்தத் தடித்த புத்தகத்தை வகுப்பு இதுவரை ஜன்னல் சாத்தாமலிருக்க முட்டுக் கொடுக்கத்தான் பயன்படுத்தியிருந்தது. இப்போது அத்தனை தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. க-வைப் பிடித்தார்கள். கல-வைப் பிடித்தார்கள். கலகம் வந்தது. கலப்பை வந்தது. கலவரம் வந்தது.

"கலவரத்துக்குப் பக்கத்து வீடுதான்," என்றார் சலூன்காரர். "நெருங்கிட்டோம்."

"அதுக்கு அந்தப் பக்கம் பாரு, கலவை!" என்று கொத்தனார் துள்ளினார். "நான் சொன்னேன்ல, சொந்தக்காரங்கதான்!"

நடுவிலிருந்த வார்த்தையில் மைக் அக்கா விரலை வைத்தாள். புள்ளியில்லாத ல. பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டினாள். "க... லத்... தல்."

"கலக்குறது. அதேதான்!" கொத்தனார் தொடையைத் தட்டினார். "கலவைதான். இதுக்கா அவ்வளவு சிரிச்சானுங்க?"

"இருங்க, இன்னும் இருக்கு. ஆண்... பெண்... சே... சேர்..."

விரல் நின்றுவிட்டது. மீதியை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்தாள். வாய் அசையாமல் அவள் படித்த முதல் வரி அதுதான். அவளைச் சுற்றிலும் ஒவ்வொருவராக, அவரவர் வேகத்தில், வரியின் கடைசிக்கு வந்து சேர்ந்தார்கள். கொத்தனார் கடைசியாக வந்தார். தொடையைத் தட்டிய கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

மைக் அக்காவின் காதில் அவளுடைய குரலே திரும்ப ஒலித்தது. மைக் வழியாக, முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி. 'கத்துக்கத்தானே இந்த வயசுல வந்திருக்கோம். வெட்கப்படாம சொல்லிக் கொடுங்க.'

"ஐயய்யோ," என்றாள்.

நாத்தனார்தான் முதலில் உடைந்தாள். பிறகு கூரை அதிர்ந்தது. சலூன்காரர் பெஞ்சிலிருந்து சரிந்தார். கொத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாதி நாள் போதும்னு அவரு ஏன் சொன்னாருன்னு இப்பத்தான் புரியுது" என்று சொல்ல, சிரிப்பு இன்னொரு சுற்று போனது. வெளியே குழாயடியில் டீச்சரும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் உள்ளே கேட்டது.

"அண்ணி," என்றாள் நாத்தனார், மூச்சு வாங்க. "அண்ணன் கேப்பாரே, சபையில என்ன பேசினேன்னு?"

"ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லுவேன்." மைக் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மீதியை அவரே வந்து கத்துக்கட்டும். இந்த வகுப்புலதான் இன்னும் இடமிருக்கே."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் 'கல்வி' என்று எழுதினாள். இந்த முறை மற்ற எழுத்துகள் முடியும்வரை காத்திருக்கவில்லை. ல எழுதிய கையோடு, வி வருவதற்கு முன்னாலேயே, அதன் தலையில் புள்ளியை வைத்தாள்.